குலா அண்ணனைக் கொக்கு ஏன் கொண்டுபோகவில்லை

பங்சாரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்சந்தில் ஏணிமேல் நின்று ஏர்கோன் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வாயில் கவ்வியிருந்த திருகாணியைத் துப்பிவிட்டு எடுத்தேன். குலா அண்ணனின் மனைவி பத்மினி அக்கா. "செல்வம், அவர் எழும்பவே இல்லப்பா," என்றார். எனக்கு உடனே விளங்கவில்லை. "தூக்கத்துலயே போயிட்டார்," என்று அக்கா சொன்ன பிறகுதான் விளங்கியது. இதைப் படிக்கும் பலர் என்னைத் திட்டுவீர்கள், திட்டுங்கள்: எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அட பாவி மனுஷா, போட்டைக் கரையில் தூக்கி நிறுத்திவிட்டு, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, இப்படியா போவீர்கள் என்று அந்த ஏணியிலேயே கத்தினேன். கடைக்காரப் பையன்கள் ஓடிவந்து என்னைக் கீழே இறக்கினார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் போனபோது பெட்டாலிங் ஜெயாவிலிருந்து மகன் கஜன் வந்திருந்தான். கூடத்தில் குலசேகரம் அண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். எங்களுக்கெல்லாம் அவர் குலா. கஜன் என்னை ஓரமாகக் கூட்டிப் போனான். "அங்கிள், நாளைக்கு எரிச்சு முடிச்சு, மறுநாள் காலையில அஸ்தி கரைக்கணும். அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. அப்பாவை அவரோட போட்லயே கொண்டு போகலாமா?" நான் யோசிக்கவே இல்லை. "கண்டிப்பா லா. இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றேன். அக்கா கூடத்திலிருந்தே என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு என் நெஞ்சில் இன்னும் கிடக்கிறது.

ஆனால் அவருடைய போட்டான கொக்கு அவரைக் கொண்டுபோகவில்லை. வாடகைக்குப் பிடித்த ஒரு மீன்படகில்தான் அவர் கடைசியாகக் கடலுக்குப் போனார். கரைப்புக்கு வந்தவர்களும், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்களும் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. எனக்குக் காது நன்றாகவே கேட்கும். "சொந்த போட் இருக்கு, கூட்டாளி இருக்காரு, ஆனா மனுஷன் மீன்படகுல போறாரு பாரு." அவரை அறிந்தவர்கள் நீங்கள். அதனால் உங்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

குலா அண்ணன் தண்ணீர் இலாகாவில் பம்ப் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் நம் ஆட்கள் கோவில் கமிட்டிக்குப் போவார்கள், இல்லாவிட்டால் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவார்கள். இவர் ஒரு பழைய பாய்மர போட்டை வாங்கினார். தெலுக் பங்லிமா காராங் தாண்டி ஆற்றோரம் படகுகளைக் கரையேற்றிப் பழுதுபார்க்கிற போட் யார்டில், வெளிநாட்டுத் தம்பதி யாரோ விட்டுப்போன போட் அது. வெள்ளை ஃபைபர் உடம்பு, ஒற்றைப் பாய்மரம், உள்ளே படுக்க, சமைக்க இடம். அதில் ஒரு குளிர்பெட்டி பொருத்த ஆள் வேண்டும் என்று கிள்ளானில் என் கடைக்கு வந்தார். பொருத்தப் போன நான் திரும்பி வரவில்லை. பாதிச் சொந்தக்காரனாகிவிட்டேன். பக்கவாட்டில் முட்டுக்கொடுத்து, அடியில் இருக்கும் கீல் என்ற ஒற்றைக் கால் மேல் அது வருஷக்கணக்கில் நின்றது. "உங்க கொக்கு எப்பதான் பறக்குமாம்?" என்று என் மனைவி கிண்டல் செய்யப்போய், பெயர் கொக்கு என்றே நிலைத்துவிட்டது.

அவரோடு வேலை செய்வது சுலபம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மேல்தளத்தில் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே தவழ்ந்து போவார். கணீரென்று கேட்டால் நல்ல இடம். பொத்தென்று கேட்டால் ஃபைபருக்கு உள்ளே இருக்கும் பலகை உளுத்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடுவார், பிறகு வெட்டி எடுப்பார். பாய்மரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையளவு வட்டம் ஒன்று போட்டார். வெட்ட வெட்ட அது ஒரு கதவளவுக்குப் போனது. "அண்ணே, மேல பசையை ஊத்திப் பெயின்ட் அடிச்சா யாருக்குத் தெரியும்?" என்று கத்தினேன். "பெயின்ட் அடிக்கிறது போட்டோவுக்கு. கால் வைக்கப்போறது நானும் நீயும்," என்றார். நான் சாமான்களைத் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பல வாரம் போகவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை. திரும்பிப் போனபோது, நேற்றுதான் பார்த்தவர் போல, "அந்த மூலையைப் பிடி," என்றார். பிடித்தேன்.

கடைசியில் கொக்கு தண்ணீரில் இறங்கிய நாளைச் சொல்லியாக வேண்டும். உங்களில் பலர் அன்று படகுத்துறையில் நின்றீர்கள். பலருக்கு நடந்தது என்னவென்று இன்னும் சரியாகத் தெரியாது.

என் மாமியார் ஒரே பிடியாக நின்றார். படுக்க இடம் இருக்கிறது, சமைக்க அடுப்பு இருக்கிறது, அப்படியானால் அது வீடு. வீடென்றால் பால் காய்ச்சத்தான் வேண்டும் என்றார். அதில் தப்பென்ன? காய்ச்சினோம். உள்ளே சின்ன கேஸ் அடுப்பில் புதுப் பாத்திரம். என் மகள், அவள் கைக்குழந்தை, மாமியார், குருக்கள் எல்லோரும் அந்தக் குறுகலான அறைக்குள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். பால் பொங்கி நான்கு பக்கமும் வழிந்தது. "பொங்கிருச்சு! பொங்கிருச்சு!" என்று கைதட்டினோம். குருக்கள் தட்டில் கற்பூரத்தை வைத்து, தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தார்.

குலா அண்ணன் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், மூன்று பேரைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து குருக்களின் மணிக்கட்டைப் பிடித்தார். குச்சி கீழே விழுந்தது. "ஒருத்தரும் எதையும் தொடாதீங்க. எல்லாரும் மேல போங்க. இப்பவே!" அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. குழந்தை வீறிட்டது. மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. நான் அடுப்பைப் பார்த்தேன். பாத்திரத்துக்கு அடியில் நீலமே இல்லை. வழிந்த பால் தீயை அணைத்துவிட்டது. கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. வீட்டில் என்றால் ஜன்னல் வழியாகப் போய்விடும். போட்டில் அதற்கு வழி கிடையாது. அந்த கேஸ் காற்றைவிடக் கனம். தரைப்பலகைக்குக் கீழே போட்டின் அடிவயிற்றில் இறங்கித் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும். பால் தீய்ந்த வாசத்திலும் மல்லிகை வாசத்திலும் எங்களில் ஒருவருக்கும் மூக்கு வேலை செய்யவில்லை. அந்தக் கற்பூரம் மட்டும் எரிந்திருந்தால்!

சிலிண்டரை மூடிவிட்டு, அடியில் தேங்கிய கேஸை இறைக்க வேண்டும். மின்சார பம்ப் இருக்கிறதே என்று நான் ஸ்விட்சுக்குக் கையை நீட்டினேன். "செல்வம்! பொறி பறக்கும்!" என்றார். பிறகு தரைப்பலகையைத் திறந்து, பிளாஸ்டிக் வாளியால் ஒன்றுமில்லாத அந்தக் குழியை மொண்டு மொண்டு மேலே கொடுத்தார். நான் வாங்கி வாங்கி வெளியே கவிழ்த்தேன். படகுத்துறையில் நின்றவர்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். "மாப்பிள, உங்க கூட்டாளி காலி வாளிய ஊத்துறாரு பாருங்க," என்றார் மாமியார். நல்ல காரியத்தில் தீபம் காட்ட விடவில்லை என்று அவருக்கு ஆறவே இல்லை. அன்றிலிருந்து அண்ணனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் விளக்கிச் சொல்கிறேன் என்றபோது அண்ணன் தடுத்துவிட்டார். "திட்டட்டும் விடு. திட்டுறதுக்கு ஆளு முழுசா இருக்காங்கல்ல, அது போதும்."

அதன் பிறகு கொக்கில் நிறையப் போனோம். பங்கோர் வரைக்கும், லங்காவி வரைக்கும். பத்மினி அக்கா மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை. கரையில் நின்று கையசைப்பார், அவ்வளவுதான்.

இந்த வருஷம் துறைமுகத்துக் கப்பல் பாதையைக் கடக்கும்போது ஒன்று நடந்தது. காற்று துளியும் இல்லை, என்ஜினில் போய்க்கொண்டிருந்தோம். பாதையின் நடுவில் என்ஜின் சூடேறி மணி அலறியது. குளிர்விக்கக் கடல்தண்ணீர் உள்ளே வருகிற குழாயை ஏதோ அடைத்துவிட்டது. என்ஜினை நிறுத்தினோம். திரும்பிப் பார்த்தால் பாதை வளைவில் ஒரு கன்டெய்னர் கப்பல் வருகிறது. அதற்குப் பிரேக் கிடையாது, ஒதுங்கவும் இடம் கிடையாது. நாங்கள்தான் நகர வேண்டும், நகர எங்களிடம் எதுவும் இல்லை. அண்ணன் கீழே இறங்கிவிட்டார். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த சாமி பெயரையெல்லாம் கூப்பிட்டேன்.

"கப்பல் என்ன பண்ணுது?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"வருது அண்ணே!"

"முன்பக்கம் மட்டும் தெரியுதா, பக்கவாட்டும் தெரியுதா?"

"முன்பக்கம் மட்டும்தான் தெரியுது!"

அப்படியென்றால் அது நேராக எங்களை நோக்கி வருகிறது என்று அர்த்தம். கீழே இரும்போடு இரும்பு உரசும் சத்தமும், அவர் வாயில் என்றும் வராத ஒரு கெட்ட வார்த்தையும் கேட்டன. பிறகுதான் சொன்னார்: தண்ணீர் வால்வை மூடிவிட்டு வடிகட்டியைத் திறக்க வேண்டும், ஆனால் வால்வு பாதியில் இறுகிக்கொண்டது. பாதி திறந்த வால்வோடு, தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிக்க அடிக்க, வடிகட்டியைத் திறந்து கையை விட்டு, பாசார்களில் மீன் போட்டுக் கொடுக்கும் பிளாஸ்டிக் பை ஒன்றை உருவி எடுத்தார். "ஸ்டார்ட்!" என்றார். என்ஜின் பிடித்தது. கப்பல் எங்களைக் கடந்தபோது அதன் ஊதல் என் எலும்புக்குள் கேட்டது. அண்ணன் தலையோடு கால் நனைந்து மேலே வந்தார். "பயந்துட்டேன் செல்வம். ரொம்பப் பயந்துட்டேன்," என்றார். அதை மறைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

அதனால்தான் கொக்கு மறுபடியும் யார்டில் ஏறியது. போட்டின் அடியில் கடலுக்குத் திறக்கும் துளைகள் மூன்று, ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு. மூன்று வால்வையும் மாற்றிவிடுவது என்று முடிவு. எனக்குக் கடையில் வேலை குவிந்திருந்ததால் அவரே தனியாகப் பொருத்திக்கொண்டிருந்தார். அந்த வேலையில்தான் இறந்தார். இல்லை, வேலை முடிந்து வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, படுத்து இறந்தார். அவசரத்தில் நான் அப்படித்தான் சொல்லிவிடுகிறேன்.

மின்சுடலையிலிருந்து நேராக யார்டுக்குப் போனேன். குளிக்கக்கூட இல்லை. யார்டுக்காரரான ஹாஜி தோளைத் தட்டினார். "போலே, போலே," என்றார், முடியும் என்று. கிரேன் தயார், காலையில் தண்ணீர் ஏறும்போது இறக்கிவிடலாம், அண்ணனுக்காக ஆட்களை வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். நான் உள்ளே ஏறினேன். அண்ணன் ஒரு நட்டை முழுதாக இறுக்கி, தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டால்தான் அதன்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார். கோடு இல்லாவிட்டால் வேலை முடியவில்லை. எங்கள் இருவருக்கும் அதுதான் சட்டம். முதல் வால்வில் கோடு இருந்தது. இரண்டாவதில் இருந்தது. என்ஜினுக்குத் தண்ணீர் கொண்டுவரும் மூன்றாவதில் கோடு இல்லை.

கையால் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. ஸ்பேனர் போட்டேன். அசையவில்லை. சுற்றிலும் பசை ஒழுங்காகப் பிதுங்கி, பாதி காய்ந்திருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் போன் செய்தது எனக்கு ஞாபகம் வந்தது. "மூணாவது வால்வைப் பத்தி நாளைக்கு நேர்ல பேசுவோம்," என்றார். என்ன அண்ணே விஷயம் என்று கேட்டேன். "நேர்ல, நேர்ல. போன்ல வேணாம்," என்று வைத்துவிட்டார். அவர் என்ன சொல்ல நினைத்தார்? உள்ளே ஃபைபர் மெலிந்திருப்பதைப் பார்த்தாரா? மரை சரியாகப் பிடிக்கவில்லையா? அல்லது உடம்பு முடியாமல் கோடு போடாமலே கிளம்பிவிட்டாரா? கேட்கலாம் என்றால் ஆள் எங்கே இருக்கிறார்? கழற்றிப் பார்த்தால் பசை உடையும்; திரும்பப் பூசிக் காயவிட நாட்கள் ஆகும். அஸ்தி நாளைக்கு.

சிவப்பு மைப்பேனா அவருடைய சாமான் பெட்டிக்கு மேலேயே கிடந்தது. அதை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அந்த நட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நான் முழங்காலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கோடு. அவ்வளவுதான். கோடு போட்டுவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஹாஜி மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "கிரேன் பெல்ட்டிலேயே தண்ணீரில் தொங்கவிட்டுப் பார்ப்போம், ஒழுகவில்லை என்றால் போவோம்," என்றார். நல்ல யோசனைதான். ஆனால் தொங்கும்போது ஒழுகாதது, என்ஜின் உதறி அலை அடிக்கும்போதும் ஒழுகாது என்று யார் சொல்வது? நாளைக்கு அதில் ஏறப்போவது நானும் அண்ணனும் அல்ல. சேலை கட்டிய பத்மினி அக்கா, கஜன், கஜனின் இரண்டு பிள்ளைகள், குருக்கள். ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. "தேதி வச்சுக் கல்யாணம் பண்ணலாம், போட்டை இறக்கக் கூடாது," என்று அண்ணன் எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறார்! நான் எத்தனை தடவை அதற்குச் சிரித்திருக்கிறேன்!

பேனாவை மூடினேன். பெட்டிக்குள் போட்டேன். ஹாஜியிடம் "தாக் போலே," என்றேன். முடியாது. அவர் கிரேன் ஆளிடம் வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டுப் போனார்.

பிரிக்பீல்ட்ஸுக்கு வண்டி ஓட்டிப் போன அந்தப் பாதை என் வாழ்க்கையிலேயே நீளமான பாதை. நெரிசலில் நிற்கும்போதெல்லாம் ஒவ்வொரு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எதுவும் சரியாக வரவில்லை. அக்கா முன்னால் உட்கார்ந்து, "போட் இறங்காதுக்கா," என்றேன். காரணத்தைச் சொன்னேன்.

"ஒழுகுதா?"

"இல்லக்கா."

"உடைஞ்சிருக்கா?"

"தெரியலக்கா. தெரியாததுனாலதான் வேணாங்கிறேன்."

"நான் ஒரு நாளும் அதுல ஏறுனதில்ல. அவர் கூப்பிடாத நாள் இல்ல. நாளைக்கு ஏறணும்னு இருந்தேன் செல்வம். நீ வாக்குக் குடுத்தே," என்றார் அக்கா. கஜன் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மாற்றிச் சொல்ல என் நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

மறுநாள் மீன்படகில் போனோம். மழைத் தூறல். என்ஜின் புகை அக்காவின் முகத்திலேயே அடித்தது. பானையைக் கவிழ்த்தபோது காற்றில் சாம்பல் கொஞ்சம் திரும்பி வந்து பலகையில் ஒட்டிக்கொண்டது. படகுக்காரர் அதை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும்தான்.

முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகு யார்டுக்குப் போய் மூன்றாவது வால்வைக் கழற்றினேன். ஹாஜியையும் கூட வைத்துக்கொண்டேன். ஃபைபரைச் சுரண்டிப் பார்த்தோம், தட்டிப் பார்த்தோம், மரையை விளக்கு வைத்துப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. தலைமுடியளவு விரிசல்கூட இல்லை. அண்ணன் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அது. அவர் நேரில் என்ன பேச நினைத்தார் என்பது அவரோடு போய்விட்டது.

சாயங்காலம் அக்காவே கூப்பிட்டார். எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார். "கழட்டிப் பாத்தியாமே. என்ன இருந்துச்சு?" என்றார். விரிசல் இருந்தது என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே எல்லாம் சரியாகியிருக்கும். அக்கா அழுதிருப்பார், நன்றி சொல்லியிருப்பார், உங்கள் முணுமுணுப்பும் நின்றிருக்கும். என் வாய்வரைக்கும் வந்தது அது.

"ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் இருந்துச்சு."

அக்கா போனை வைக்கவில்லை. "அப்ப அவரை அதுலயே கொண்டு போயிருக்கலாம்," என்றார்.

"போயிருக்கலாம்க்கா," என்றேன்.

அவருடைய சாமான் பெட்டியைக் கஜன் கேட்கவில்லை. அது யார்டிலேயே இருக்கிறது. ஆனால் குலா அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பெட்டி இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதற்கு வருகிற கோபத்தை நின்று வாங்கிக்கொள்வது. இத்தனை வருஷமாக அவர் அப்படி நின்றபோதெல்லாம் கோபப்பட்டவன் நான்தான். அது எவ்வளவு கனம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.